மாதுளைக்கு ஒரு வயசு குறைச்சல்

மூணு மாதுளம்பழத்துக்கும் மல்துணியில பை தைச்சு மாட்டினவ நான்தான். அணில் கடிக்கக் கூடாது, வவ்வால் தொடக் கூடாதுன்னு எஜமானி அம்மா சொன்னாங்க, தைச்சேன். ஆனா தினமும் காலையில பங்களா கேட்டைத் திறக்கும்போது, "சாமி, ஒரு வவ்வாலாவது வந்து மூணையும் தின்னுட்டுப் போயிருக்கணும்"னு வேண்டிக்கிட்டேதான் திறப்பேன். திறந்து பார்த்தா மூணும் அப்படியே தொங்கும். நான் தைச்ச பையாச்சே, எந்த வவ்வால் கிழிக்கும்?

என் பேரு பாஞ்சாலி. வீடு ஜோகுபாளையத்துல. அல்சூர்ல ஹெஸ்கெல் துரை வீட்டுக்கு ஆயா வேலைக்குப் போனேன். அவர் கன்டோன்மென்ட்ல மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருந்தார். யூதருங்க. எனக்குத் தெரிஞ்சு அவங்க ஆளுங்க ஊர்ல ஏழெட்டுக் குடும்பம் இருந்தா ஜாஸ்தி. துரை அதட்டிப் பேச மாட்டார். கோபம் வந்தா தன் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார், அவ்வளவுதான். அதைப் பார்த்தாலே நான் அடுப்படிக்கு ஓடிடுவேன். அவர் சம்சாரம் சிம்ஹா அம்மா. ஒரே பொண்ணு மோசெல். பொறந்த பத்தாம் நாள்லேர்ந்து என் இடுப்புலயே வளந்தவ. அவ பேசின முதல் வார்த்தை "ஆயா"ன்னு நான் சொல்லுவேன். அம்மா ஒத்துக்க மாட்டாங்க.

தை மாசப் பௌர்ணமிக்கு அவங்க வீட்டுல ஒரு பண்டிகை வரும். பெரும்பாலும் நம்ம தைப்பூசத்தை ஒட்டியே வரும். மரங்களுக்குப் பிறந்தநாளாம். முதல் தடவை அம்மா சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன். "மரத்துக்குமா? நான் என்னைக்குப் பொறந்தேன்னு எனக்கே தெரியாதுங்கம்மா"ன்னேன். அன்னைக்கு அவங்க ஆளுங்க பிள்ளைங்க பத்துப் பேரு தோட்டத்துல கூடும். முட்டை ஓட்டுல மண்ணைப் போட்டுப் பச்சைப்பயறு ஊணும். இலையில சாயம் தடவிக் காகிதத்துல அச்சு வைக்கும். ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு சின்னத் துணிப்பை தொங்கும், அதுல பேரீச்சை, அத்தி, திராட்சை, பாதாம். அப்புறம் குவளையில தண்ணி எடுத்துக்கிட்டு ஒவ்வொரு மரமாப் போய் ஊத்திப் பாட்டுப் பாடும். ஒரே கலாட்டாவா இருக்கும். எனக்கும் குஷிதான்.

அம்பத்தி நாலுல அந்தப் பண்டிகை அன்னைக்குத்தான் மோசெல் மாதுளங்கன்னை நட்டா. அப்ப அஞ்சு வயசு. அது அவ மரம். வருஷா வருஷம் அதே நாள்ல ஒரு நூலை மரத்தோட நுனிக்குப் பிடிச்சு அளந்து வெட்டி, பிஸ்கட் டின்ல போட்டு வெச்சுக்குவா. வருஷத்துக்கு ஒரு கலர்.

அந்தக் கன்னைக் கொன்னவ நான்.

வேணும்னு செய்யல. அவங்க கறி சமைக்கிற முறை வேற. ஒரு பொட்டு ரத்தம் இருக்கக் கூடாது. கறியை ஊற வெச்சு, கல்லுப்பைத் தடவி, சாய்ச்ச பலகையில ஒரு மணி நேரம் வெச்சு வடிய விட்டு, அப்புறம் மூணு தடவை கழுவணும். கழுவுறது என் வேலை. நம்ம வீட்டுல கறி கழுவின தண்ணியை வீணாக் கொட்டுவோமா? ரோஜாச் செடிக்கு ஊத்துவோம், கருவேப்பிலைக்கு ஊத்துவோம், தளதளன்னு வரும். நானும் பாப்பா மரம் நல்லா வரட்டும்னு வேற எந்தச் செடிக்கும் ஊத்தாம மாதுளைக்கே ஊத்தினேன். ஒரு வருஷத்துக்கு மேல ஊத்தினேன். இலை ஓரமெல்லாம் கருகிச்சு. தண்ணி பத்தலயோன்னு இன்னும் ஜாஸ்தியா ஊத்தினேன், பாவி.

அம்பத்தஞ்சு மே மாசம் அவங்க குடும்பத்தோட பம்பாய்க்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாங்க. அவங்க போன நாலாம் நாள் கன்னு முழுக்கக் காஞ்சு போச்சு. வேரோட பிடுங்கி, கோணியில சுத்தி, லால்பாக் பக்கம் நர்சரி வெச்சிருந்த வெங்கடசாமிகிட்ட தூக்கிட்டு ஓடினேன். அந்த ஆளு வேர்மண்ணைக் கிள்ளி நாக்குல வெச்சுப் பார்த்தான்.

"ஏம்மா, இதைக் கடல்லயா நட்டு வெச்சிருந்தே? உப்புக் கரிக்குது!"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. தலையில இடி விழுந்த மாதிரி உக்காந்துட்டேன். அவன்கிட்டயே ஏறக்குறைய அதே உசரத்துல ஒரு கன்னு வாங்கி, பழைய மண்ணையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு, அதே குழியில நட்டேன். நாலு விரக்கடை குட்டைதான். அடுத்த பண்டிகைக்குள்ள வளந்துடும், அதுவரைக்கும் யாரு அளந்து பார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன். பம்பாய்லேர்ந்து வந்த யாருக்கும் ஒண்ணும் தெரியல. அதோட முடிஞ்சுதுன்னு இருந்தேன்.

முடியல. அம்பத்தேழு தொடக்கத்துல மரத்துல முதமுதலா ரெண்டு பழம் வந்துச்சு. பண்டிகைக்கு முந்தின வாரம் துரை அதைப் பறிச்சார். பறிச்சுக் குழி தோண்டிப் புதைச்சார். மோசெல் அழுத அழுகை! நான் சண்டைக்கே போயிட்டேன். "பிள்ளை நட்ட மரத்துப் பழத்தைப் பிள்ளைக்குக் குடுக்காம மண்ணுக்கா குடுப்பீங்க?"

அம்மாதான் எனக்கு விளக்கினாங்க. "பாஞ்சாலி, மரம் நட்டு மூணு பிறந்தநாள் முடியணும். அதுவரைக்கும் வர்ற பழம் எங்களுக்கு ஆகாது. தின்னா பெரிய பாவம். இந்தப் பண்டிகையோட மூணு முடியுது. இனிமே பூத்துக் காய்க்கிறதை அடுத்த வருஷம் சந்தோஷமாத் தின்னலாம்."

மூணு பிறந்தநாள் அந்தச் செத்த கன்னுக்கு. இது ஒரு வயசு குறைஞ்சது. அடுத்த வருஷம் அவங்க வாயில வைக்கப் போறது அவங்க சாமி வேண்டாம்னு சொன்ன பழம். அதை வைக்கப் போற கை என்னோடது.

சொல்லிடலாம்னு நூறு தடவை வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் வக்கணையாப் பேசுறவளுக்கு இதுக்கு மட்டும் நாக்கு எழும்பல. இன்னும் ஒரு வருஷம் இருக்கே, எதாவது சாக்குச் சொல்லி அந்தப் பழத்தையும் தள்ளிடலாம்னு நினைச்சேன்.

அம்பத்தெட்டு பொங்கல் முடிஞ்ச மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். கடையை வித்தாச்சாம். மார்ச்சுல பம்பாய்லேர்ந்து கப்பல், அவங்க சொந்த தேசத்துல ஹைஃபான்னு ஒரு ஊருக்கு. எனக்கு வேற வீட்டுல வேலை கிடைக்க நல்ல சர்ட்டிபிகேட் எழுதித் தர்றேன்னார். நான் சர்ட்டிபிகேட்டையா நினைச்சேன்? பிள்ளை போகுதேன்னுதான் நினைச்சேன்.

வெளியில வந்தா மோசெல் மரத்தைச் சுத்தி வந்துக்கிட்டிருக்கா. என் மூஞ்சியையே பார்த்தபடி சொன்னா, "ஆயா, நல்லவேளை. போறதுக்கு முன்னாடி என் பழத்தைத் தின்னுட்டுப் போயிடலாம். இல்லேன்னா தின்னவே முடியாது, இல்ல?"

அதுக்கு நான் என்ன சொல்றது? சொன்னா, பிள்ளை தன் மரத்துப் பழத்தை ஜென்மத்துக்கும் தின்னாது. சொல்லலைன்னா, என் பொய்யால ஒரு வீடே பாவத்தைத் தின்னும். பண்டிகை வரைக்கும் இருந்த இருபது நாளும் எனக்குச் சோறு இறங்கல. ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாதப்ப மூணு பையையும் நானே அவுத்துவிட்டேன். அணிலுங்க வந்துச்சு. ஒண்ணைக் குடைஞ்சுச்சு, ரெண்டாவதைக் குடைஞ்சுச்சு. "அதையும் தின்னு, அதையும் தின்னு சனியனே"ன்னு தூண் மறைவுல நின்னு கெஞ்சினேன். அதுக்குள்ள மோசெல் ஸ்கூல்லேர்ந்து வந்துட்டா. பையைத் தரையிலேர்ந்து எடுத்து, மிச்சம் இருந்த ஒரு பழத்துக்குத் தானே கட்டினா. என்னைத் திரும்பிப் பார்த்தா. ஒண்ணும் கேக்கல. அவ கேக்காததுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

பண்டிகை அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைங்க எல்லாம் வந்துச்சு. முட்டை ஓடு, சாயம், குவளைன்னு எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கேன், நினைப்பு வேற எங்கயோ, சாயம் பூரா என் புடவையில. "ஆயா மேல இலை முளைச்சிருக்கு"ன்னு ஒரு வாண்டு கத்துது, எல்லாம் சிரிக்குது. நானும் பல்லைக் காட்டினேன். மோசெல் மட்டும் சிரிக்கல. மூஞ்சி வெளுத்துக் கிடந்துச்சு. காய்ச்சலான்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துச்சு.

மேஜை நடுவுல வெள்ளித் தட்டுல அந்த ஒத்தைப் பழம். துரை கத்தியை எடுத்து ரெண்டாப் பிளந்தார். உள்ளே ரத்தச் சிவப்பு. ஒரு முத்தை எடுத்து மோசெல் உள்ளங்கையில வெச்சார். தலையில கையை வெச்சு அவங்க பாஷையில ஜபம் சொல்ல வாயைத் திறந்தார்.

"வேணாம் துரை!"

நான் போட்ட சத்தத்துல ஒரு பிள்ளை குவளையைக் கீழ போட்டுட்டுது.

"வேணாம். அது அந்த மரம் இல்ல. அந்த மரம் செத்துப் போச்சு. நான்தான் உப்புத் தண்ணி ஊத்திச் சாகடிச்சேன். இது வேற. இதுக்கு ஒரு வயசு குறைச்சல்." நிறுத்தினா சொல்ல முடியாதுன்னு மளமளன்னு கொட்டினேன். கறி கழுவினது, கோணி, வெங்கடசாமி, அணில் வரைக்கும் எல்லாம்.

துரை கத்தியை வெச்சார். கண்ணாடியைக் கழட்டினார். துடைச்சார். துடைச்சுக்கிட்டே இருந்தார்.

"பாஞ்சாலி," அவர் குரல் ரொம்ப மெதுவா வந்துச்சு. "எங்க தேசத்துக்கு வெளியில இருக்கிற மரத்துக்கு எங்க சட்டத்துல ஒரு சலுகை இருக்கு. வயசு நிச்சயமாத் தெரியலைன்னா தின்னலாம், பாவம் இல்ல. நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் ஆகாது. நீ சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அடக் கடவுளே! மூணு வருஷமா மூடி வெச்ச வாயை இன்னும் ஒரு நிமிஷம் மூடியிருந்தா பிள்ளை தின்னிருக்கும். பாழாப் போன வாயைத் திறந்து நானே பிடுங்கிட்டேனே! அங்கேயே தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டேன்.

மோசெல் முத்தைத் தட்டுல வெச்சுட்டு உள்ளே ஓடினா. பிஸ்கட் டின்னோட வந்தா. ரெண்டு நூலை எடுத்து மேஜை மேல நீட்டி வெச்சா, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம்.

"அப்பா, சிவப்பு நாம பம்பாய் போறதுக்கு முந்தின பண்டிகைக்கு அளந்தது. நீலம் பம்பாய்லேர்ந்து வந்ததும் அளந்தது. நீலம்தான் சின்னது." விரலை வெச்சுக் காட்டினா, சரியா நாலு விரக்கடை. "மரம் குட்டையாகுமா? எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?" அம்மா கேட்டாங்க.

"சொன்னா ஆயாவை அனுப்பிடுவீங்க."

துரை அவ முகத்தை நிமித்தினார். "அப்ப இதைத் தின்னிருப்பியா?"

"வாயில வெச்சுட்டு, யாரும் பார்க்காதப்ப துப்பிடலாம்னு இருந்தேன்." சொல்லும்போதே உதடு துடிச்சு, ஓன்னு அழுதுட்டா. "ஆனா முழுங்கிடுவேனோன்னு பயமா இருந்துச்சு அப்பா. ரொம்ப நாளாப் பயமா இருந்துச்சு."

ஒன்பது வயசு. என் பயத்துல பாதியை அந்தப் பிள்ளையும் சுமந்துக்கிட்டு இருந்திருக்கு, எனக்காக. துரை கண்ணாடியை மாட்டிக்கிட்டு என்னைப் பார்த்தார். "அவளுக்கு நிச்சயமாத் தெரியும். அப்ப அவளுக்குச் சலுகை இல்ல. நல்லவேளை நீ கத்தினே"ன்னார். அன்னைக்குச் சாயங்காலம் பழத்தைப் புதைக்க துரை, மோசெல், நான் மூணு பேருமாக் குழி தோண்டினோம்.

மார்ச்சுல டேஷன்ல வண்டி கிளம்புறப்ப மோசெல் ஜன்னல் வழியா ஒரு நூல் உருண்டையை என் கையில திணிச்சா. "அடுத்த தைப்பூசத்துக்கு அளந்து அனுப்பு ஆயா. அப்ப அதுக்கு வயசு சரியாயிடும். நீ தின்னு பார்த்து எப்படி இருந்துச்சுன்னு எழுதணும். சத்தியம்?"

"சத்தியம்"னேன்.

அடுத்த வருஷம் பங்களாவுல புதுசா வந்தவங்ககிட்டக் கேட்டுக்கிட்டு உள்ளே போனேன். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, ஆனாலும் பௌர்ணமி வரைக்கும் காத்திருந்தேன். மரத்தை அளந்தேன். பழத்தைப் பிளந்து முத்தை வாயில போட்டேன். அப்படி ஒரு இனிப்பை நான் பொறந்ததுலேர்ந்து தின்னதில்ல. முழுங்க முடியாம அங்கேயே நின்னு அழுதேன்.

தபாலாபீஸ் வாசல்ல கடிதம் எழுதுறவர்கிட்ட நூலைக் குடுத்து உறையில போடச் சொன்னேன். "பழம் எப்படி இருந்துச்சுன்னு எழுதட்டுமாம்மா?"ன்னார்.

"ஒரே புளிப்பு, வாயில வைக்க முடியலன்னு எழுதுங்க"ன்னேன்.

இந்தப் பொய்யை மட்டும் நான் யார்கிட்டயும் ஒத்துக்க மாட்டேன்.