கோமாளி மீன் பிடித்த இடம்

முடிதிருத்துபவர் வீட்டுக் கூடத்தில் சின்ன உப்புநீர் மீன்தொட்டி ஒன்று இருந்தது; அதில் ஒரே ஒரு கோமாளி மீன். வாங்கியபடியே விட்டுவைக்க அவர் கை சும்மா இருக்குமா? தொட்டியின் பின்னறையில் பம்பை மாற்றினார், வடிகட்டும் பஞ்சை மாற்றினார். கடைசியில் அந்த மீன் குடியிருக்கட்டும் என்று, விரல்விரலாக ஆடும் பவளம் ஒன்றையும் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்தார்.

மீன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்ணாடியில் பாசி துடைத்துவிட்டு அவர் உள்ளேயே மறந்துவிட்ட காந்தத் துடைப்பானை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"இதுக்குக் கொஞ்சமாவது ரசனை இருக்கா?" என்று சலித்துக்கொண்டார்.

"உங்க வளர்ப்புதானே," என்றாள் மனைவி. "மெத்தை வாங்கிப் போட்டாலும் நீங்க கடையில முடிவெட்டுற நாற்காலியிலதானே தூங்குறீங்க."

மறுநாள் அவர் பாசி துடைக்க வேறொரு துடைப்பான் வாங்கி வந்தார்.