தகடு போர்த்த மாளிகை

விடுமுறை நாளின் இளங்கதிர், பூட்டிய கடைகளையும் ஈரம் உலராத நடைபாதைகளையும் தடவி, வணிகப் பெருந்தெருவின் நடுவே நின்ற எட்டடுக்கு மாளிகைமேல் படர்ந்தபோது, ஒளியை வாங்கவும் அறியாத சாம்பல்நிறத் தகடுகளே அங்கு அதனை எதிர்கொண்டன.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இழைத்த கல்லால் எழும்பி, வழக்கறிஞரும் கப்பல் வணிகரும் நிறைந்து தேன்கூடெனப் பேரரவம் எழுப்பிய அம்மாளிகையைப் பின்னாளில் வாங்கியவர், புதுமை மயக்கத்தால் அதன் முகத்தைத் தகடுகொண்டு மூடினார். அவர் மறைந்தபின் அது மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாயிற்று. இடித்துவிட்டு ஊர்திகள் நிறுத்துமிடம் அமைக்க விரும்பியவரிடம் மகன் விலைபேசி முடித்து, தங்கையின் கையொப்பத்துக்குக் காத்திருந்தார்.

கட்டடப் பொறியாளரான தங்கையோ, உடைந்த பலகணி வழியே கைநீட்டித் தகட்டின் பின்னே ஒரு கல்லிலையைத் தொட்டறிந்தவள். அன்று காலையே சாரம் கட்டுவித்து, தானே ஏறி முதல் திருகாணியைக் கழற்றினாள். தகடுகள் வீழ வீழ, கொடியும் மலருமாய்க் கற்சிற்பங்கள் வெளிப்பட்டன. ஆனால், கற்றறிந்த வாசகரே, தகட்டைப் பொருத்துவதற்காக அம்மலர்களில் பாதி உளியால் சிதைக்கப்பட்டிருக்கக் கண்டு, அவள் அவ்வெட்டுத் தழும்புகளை விரலால் தடவினாள்.

அதற்குள் அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"யாரைக் கேட்டும்மா இதைப் பிரிச்சே?"

"பாதி என்னோடதுதானே, அண்ணா?"

"அப்ப உன் பாதியை விட்டுட்டு என் பாதியை இடிச்சுக்கட்டுமா?"

"தாராளமா. எது உங்க பாதின்னு மட்டும் சொல்லிடுங்க."

சாரத்தின்மேல் நின்ற வேலையாட்களிடையே சிரிப்பொலி எழ, அவர் முகம் சிவந்தது.

"எல்லாம் வெட்டுப்பட்டுக் கிடக்கே. இதுக்கா இந்தப் பாடு?"

"வெட்டினது நம்ம அப்பா. நாமளும் அதையே செய்யணுமா?"

அண்ணன் அண்ணாந்து, சிதையாது எஞ்சிய மலர்களை ஒவ்வொன்றாய் நோக்கினார்.

"சரி, வாடகைக்கு ஆள் வரலேன்னா?"

"முதல் ஆளா நானே வரேன். என் அலுவலகத்தை நாளைக்கே இங்க மாத்தறேன்."

"உன் பிடிவாதம் ஊரறிஞ்சதுதான். ஒரு வருஷம் பாக்கறேன், அதுக்கு மேல பேசாதே" என்று கூறி, வாங்க வந்தவரை அவரே திருப்பியனுப்பினார்.

தூசி மண்டிய அறையொன்றில் மேசையிட்டு அமர்ந்த அவள், ஒழுகிய கூரையையும் உளுத்த படிகளையும் ஒவ்வொன்றாய்ச் செப்பனிட்டாள். ஆண்டு திரும்புமுன் அடுக்குதோறும் மாந்தர் குடியேறினர். சிதைந்த இடங்களில் புதுமலர் பதிக்கச் சிலர் வற்புறுத்தியும் அவள் இசைந்தாளில்லை. முன்னோர் விட்டுச்சென்றதைப் பேணுவோர்க்கு, அவர்தம் பிழையையும் மறையாது ஏற்று, அது தம் கையால் வளராமற் காத்தலே கடன்.