லிஃப்டை நிறுத்திவிட்டு எடுத்த சோதனை

1

இந்தக் கதைக்கு மூலம் என் அக்காவின் கோபம். நேற்று மத்தியானம் வந்தவள் செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு, "எழுதுறேன் எழுதுறேன்னு உக்காந்திருக்கியே, இத எழுது" என்றாள்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: 'ஜெனரேட்டர் அறையின் டீசல் மணம், பழைய நினைவு ஒன்றைப் போல'

அடித்துவிட்டேன். அங்கே மணம் எல்லாம் கிடையாது, நாற்றம்தான்.

2

அக்கா மின் சோதனை அதிகாரி. அந்த ஆஸ்பத்திரியில் கரண்ட் போனால் இரண்டு ஜெனரேட்டர்கள் சேர்ந்து ஓட வேண்டும். ஒழுங்காகச் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

அங்கே ஆறு வருடமாக ஒரு வழக்கம். சோதனை நாளன்று காலையிலேயே லிஃப்ட், ஸ்கேன், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். மெஷினுக்கு நோகக் கூடாதாம். வெறுமனே ஓடும் இரண்டு மெஷினும் சமர்த்தாகத்தான் ஓடும். ஆறு வருடமும் 'நிலையாக உள்ளது' என்றே எழுதியிருக்கிறார்கள்.

(சோபாவைத் தொடாமலே இரண்டு பேர் 'தூக்கிப் பார்த்தோம், பாரமே இல்லை' என்பது மாதிரி. உவமை என்னுடையது. அக்கா சொன்னதை அச்சில் போட முடியாது.)

நோயாளிகள் இருக்கும் வார்டுகளை மெயின் லைனிலேயே விட்டுவிட்டு, "மத்ததெல்லாம் போடுங்க" என்றாள் அக்கா. லிஃப்ட் கிளம்பியதும் மீட்டர் முள் ஆட ஆரம்பித்தது. பாரம் முழுக்க ஒன்றின் தலையில் விழுந்தது. மற்றது உதவுவதை விட்டுவிட்டு அதன் மேலேயே சாய்ந்து, பிறகு கழன்றுகொண்டது. தனியாக மாட்டிக்கொண்ட முதல் மெஷினும் நின்றுபோனது. மொத்தம் பதினொரு நொடி.

"நல்லா ஓடிட்டிருந்தத கெடுத்துட்டீங்களே மேடம்!" என்று கத்தினார் மேனேஜர்.

"கெட்டுக் கிடந்ததத்தான் சார் காட்டினேன்."

"எப்பவும் போல லோடு இல்லாம எடுத்து எழுதிக் குடுங்க. நாளன்னைக்கு புது வார்டு திறப்பு."

அக்கா மாட்டேன் என்றாள். வேறு ஆளை வைத்து வாங்கிக்கொள்கிறோம் என்றார் அவர்.

3

இந்த மேனேஜர்மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு மோசமாகவா ஒரு மனிதர் இருப்பார்? அக்காவிடம் கேட்டேன்.

"மோசமெல்லாம் இல்லடா. போகும்போது காபி வேற வாங்கிக் குடுத்தாரு. அதான் பத்திக்கிட்டு வருது."

4

முடிவு, முதல் வரைவு: வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார். திறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள் கரண்ட் போகிறது. ஒரு நோயாளியின் மூச்சு

இதுவரை படித்துக் காட்டியதும் அக்கா என்னை முறைத்தாள்.

"நான் சொன்னது சரின்னு காட்ட ஒரு ஆளக் கொல்லணுமாடா உனக்கு? ஆள் செத்தாத்தான் நம்புவோம்னு ஆஸ்பத்திரிக்காரங்கதான் காத்துக்கிட்டு இருக்காங்க. நீயுமா?"

சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. ஒரு பிணம் விழுந்தால்தான் கதை நிற்கும் என்று நானும் கணக்குப் போட்டிருந்தேன்.*

* மேனேஜர் மனம் திருந்தும் முடிவும் எழுதினேன். அதற்கு அக்கா சிரித்தாள். அது சிரிப்பில் சேர்த்தி இல்லை.

5

ஆகவே நான் முடிக்கப் போவதில்லை. இதை எழுதும் இந்த நிமிஷம்வரை கரண்ட் போகவில்லை. யாரும் சாகவில்லை. பதினொரு நொடியில் இரண்டு மெஷினும் நின்றதை ஒருத்தி நேரில் பார்த்தாள், சொன்னாள். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதவில்லை என்றால், புது வார்டில் இருபது கட்டில்கள் இருக்கின்றன. எந்தக் கட்டில் என்று நீங்களே சொல்லுங்கள்.