முஹைதீனின் பெருங்குடல்

கடுகண்ணாவையில் யார் மௌத்தானாலும் பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பது முஹைதீன்தான். வேறு யாராவது வாயைத் திறந்தால் அவருக்குப் பொறுக்காது. பெயரைச் சொல்லி, தகப்பன் பெயரைச் சொல்லி, அடக்கும் நேரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கடைக் கதவுகள் பாதி இறங்கி, கூட்டம் கிளம்பிவிடும். இந்தப் பெருமையை அவர் மனைவி ஜஹானா வருஷக்கணக்காகச் சகித்துவந்தாள்.

போன வருஷம் அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர் துஷானி கமராவை விட்டுப் பார்த்து, குடலின் உள்தோல் முழுக்கப் புண் என்றார். கிருமியா என்று கேட்டாள் ஜஹானா.

“கிருமி இல்ல. உள்தோல்ல இருக்கிற சின்னச் சின்ன கலங்கள், செல்லுன்னு சொல்றது, தினமும் சாகும், புதுசு வரும். எல்லாருக்கும் அப்படித்தான். சத்தமில்லாம செத்தா ஒண்ணுமில்ல. இவருக்கு அது வெடிச்சுச் சாகுது. சாகும்போது ஒரு சைகையும் விடுது. அது கிடைச்சதும் உடம்போட காவல் கலங்கள் கூட்டமா ஓடி வந்து, நல்லா இருக்கிறதையும் அடிச்சு நொறுக்குது. அதுல இன்னும் சாகும், இன்னும் கூட்டம் வரும்.”

“அப்ப இவர்ட குடலுக்குள்ளயும் ஒரு மைக் ஈக்குது,” என்றாள் ஜஹானா. முஹைதீன் சிரிக்கவில்லை.

அந்தச் சைகையை அடக்க ஒரு மருந்து இருந்தது. தவணை தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேலைன் மாதிரி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றினார், இரத்தம் நின்றது, சோறு இறங்கியது. பிறகு ஒரு தவணையன்று பேக்கரிக்காரர் மௌத்தானார். அடுத்த தவணையன்று ஒரு ஹாஜியார். “மையத்தை வச்சிட்டு நான் ஆஸ்பத்திரியில படுக்கிறதா?” என்று கேட்டுவிட்டு மனிதர் பள்ளிக்கு நடந்தார். ஜஹானா கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். செத்தவரின் மையத்துக்கு முன்னால் மனைவி எம்மாத்திரம்? சுகமாகத்தானே இருக்கிறது என்று அதற்கடுத்த தவணையை அவரே விட்டுவிட்டார்.

இரத்தம் திரும்பி வந்தது. மறுபடி ஏற்றியும் மருந்துக்குக் கேட்கவில்லை. விட்டு விட்டு ஏற்றியதில் உடம்பு அந்த மருந்தையே எதிரியாக்கிக்கொண்டது என்றார் துஷானி. வேறு மருந்தைப் பார்க்க இனி நேரமில்லை. பெருங்குடலை எடுக்காவிட்டால் அது கிழிந்து ஆளையே கொண்டுபோய்விடும்.

கட்டிலில் கிடந்த முஹைதீன் கேட்டார்: “எடுக்கிறதை எங்களுக்குத் தருவீங்களா? உடம்புல ஒரு துண்டு எண்டாலும் நாங்க அடக்கணும்.”

சோதித்த பிறகு தரலாம் என்றார் துஷானி. உடனே முஹைதீன், எங்கே குழி வெட்டுவது, யாரிடம் சொல்வது என்று ஆரம்பித்துவிட்டார். ஜஹானாவுக்கு ஆத்திரமும் பயமும் ஒன்றாக வந்தன. போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டாள்.

“குழியை நான் பாத்துக்கொள்றேன். ஒரு துண்டை அடக்க எனக்கு ஏலும். நீங்க மிச்ச உடம்போட ஊட்டுக்கு வாங்க.”