மாத்திரை டப்பாவும் சாப்பாட்டு டப்பாவும்

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் இடுப்பு வலித்தால் லீவு கிடையாது, மாத்திரை உண்டு. சூப்பர்வைசரின் மேசைமேல் ஒரு டப்பா நிறைய வலி மாத்திரை இருக்கும். பெண்கள் ஆளுக்கொன்று விழுங்கிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தையும் தைத்தே தள்ளுவார்கள். "தங்கமான மனுஷன், மாத்திரைக்குக் காசே வாங்குறதில்ல" என்று அவரை வாயாரப் புகழ்ந்தவள் காலர் அக்காதான். சட்டைக்குக் காலர் வைத்து வைத்தே அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

நெஞ்சுக்குக் கீழே எரிந்தபோதெல்லாம் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தாள். மலம் தார் மாதிரி கறுத்துப் போன பிறகுதான் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா வெளுத்து வாங்கினார். "வெறும் வயித்துல வலி மாத்திரையா போட்டுக் குடலைப் புண்ணாக்கி வச்சிருக்கீங்க. ரத்தம் கசியுது. இனி அதைத் தொடக்கூடாது. நான் குடுக்குறதை ஒழுங்கா போடுங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க."

திரும்பி வேலைக்கு வந்தவள், மத்தியானம் ஆனதும் மிஷினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காலர் ஏறாத சட்டைக்குக் கை ஏறாது, கை ஏறாமல் பக்கம் மூட்ட முடியாது. வரிசை முழுக்க மிஷின்கள் ஓய்ந்தன.

சூப்பர்வைசர் பதறி ஓடிவந்தார். "என்னக்கா, லைனே நிக்குது!"

"நிக்கட்டும் சார்."

"முதலாளி கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

"காலர் சாப்பிடுதுன்னு சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கே உங்க மிஷின்ல வேற ஆளை உட்கார வச்சிடுவேன், பார்த்துக்குங்க."

அவள் வீட்டில் அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்தான். ஆனாலும் டப்பாவை மூடவில்லை.

"தாராளமா வைங்க. அந்த ஆளுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கும்ல?"

அடுத்த மிஷினில் கை தைப்பவள் அப்போதுதான் ஒரு மாத்திரையை வாயருகே கொண்டுபோயிருந்தாள். அதை அப்படியே சூப்பர்வைசரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, காலடியிலிருந்த தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். அவளைப் பார்த்து, பக்கம் மூட்டுபவளும் எடுத்தாள்.

"எவ்வளவு நேரந்தான் ஆகும்?" சூப்பர்வைசரின் குரல் இறங்கியிருந்தது.

காலர் அக்கா வாயிலிருந்ததை நிதானமாக விழுங்கினாள்.

"மெதுவா மென்னு சாப்பிடச் சொல்லியிருக்காங்க சார். நேரமாகும்."