இர்மாவின் ஏலக்காய்க்கு ஷஹீமா சொல்ல வேண்டிய பதில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் பல்லிடுக்கில். அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் ஊரில் ஒரு பெருநாள் விருந்து. பிரியாணியில் ஏலக்காய் கடிபட்டு நான் முகத்தைச் சுளிக்க, எதிரே உட்கார்ந்திருந்த ஷஹீமா, "பசுபதி அங்கிள், துப்பிராதீங்க. அது நான் இம்போர்ட் பண்ணது" என்றாள். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2

முதல் வரி: 'சிறிய நாடுகளின் வேளாண் ஏற்றுமதியானது அண்டை நாடுகளின் தடையற்ற வர்த்தகப் பேச்சுவார்த்தைகளால்...'

[எனக்கே கொட்டாவி வருகிறது. அடித்தாயிற்று.]

'மேகம் தவழும் மலைச்சரிவில் ஒரு பெண்...'

[காலண்டர் படம். இதுவும் போகட்டும்.]

நேராகவே சொல்கிறேன். மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. மேப்பில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும்.* அங்கே இர்மா என்ற பெண்ணும் அவள் ஊர்க்காரர்களும் ஏலக்காய் விளைவிக்கிறார்கள். மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஷஹீமா வருடாவருடம் அறுவடைக்கு முன்பே வாக்குக் கொடுப்பாள். அதை நம்பித்தான் அவர்கள் பறிக்கவே ஆள் வைப்பார்கள்.

இந்த வருடம் சிக்கல். பக்கத்துப் பெரிய நாடு அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறது. கையெழுத்தானால் அவர்கள் ஏலக்காய்க்கு வரி கிடையாது, இர்மாவுடையதற்கு உண்டு; விலை கூடி யாரும் வாங்க மாட்டார்கள். வாக்குக் கொடுத்தபின் அப்படி நடந்தால் ஷஹீமா கடையை மூட வேண்டியதுதான். கொடுக்காவிட்டால் இர்மா

[இந்த வாக்கியத்தை முடிக்க மனசு வரவில்லை.]

* தேடாதீர்கள். அந்த நாடு இந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது.

3

ஷஹீமாவின் கணவன் உஸைர், சாஃப்ட்வேர்க்காரன். [இவனை வில்லனாக்கப் பார்த்தேன். பாவம், நல்ல பையன், ஒத்துவரவில்லை.]

"டீல் என்ன ஆகுதுன்னு பாத்துட்டு புக் பண்ணு, ஷஹீமா. என் டீம்லயே லேஆஃப் வரும்ங்கறாங்க. வெயிட் பண்ணலாம்."

"ஏலக்காய் வெயிட் பண்ணுமாங்க?"

உஸைர் குழந்தை தஸ்னீமை டேகேருக்குக் கிளப்பப் போய்விட்டான்.

இந்த வருடம் முடியாது என்று சொல்லத்தான் ஷஹீமா இர்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். அதைச் சொல்வதற்குள் இர்மா போனைச் செடியின் அடிக்குக் கொண்டுபோய்விட்டாள். இத்தனை வருடம் ஏலக்காய் விற்ற ஷஹீமா, அது மிளகாய் மாதிரிக் கிளையில் தொங்கும் என்றே நினைத்திருந்தாள். இங்கே என்னடாவென்றால் தரையோடு ஊர்ந்த தண்டில் காய்த்துக் கிடக்கிறது. இர்மா ஒரு காயைக் கிள்ளினாள். ஒட்டியிருந்த அடுத்த காயைத் தொடவில்லை. அது இன்னும் முற்றவில்லையாம், அதற்கென்று இன்னொரு நாள் வருவார்களாம். ஒரே தண்டுக்குத் திரும்பத் திரும்ப வருவார்களாம்.

ஷஹீமா விற்ற ஒவ்வொரு காயையும் யாரோ ஒருத்தர் குனிந்து முகம் பார்த்துப் பறித்திருக்கிறார்கள். மூட்டை மூட்டையாக இறக்கிவைத்தபோது இது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஓரத்தில் புது நாற்றுகள் தெரிந்தன. காய்க்க மூன்று வருடம் ஆகும் என்றாள் இர்மா.

"பக்கத்து நாட்டு டீல் பத்திக் கேள்விப்படலையா நீங்க?"

"ரேடியோல தினம் அதுதான்." [அவள் பேசியது அரைகுறை ஆங்கிலம். தமிழ் என்னுடையது.]

"தெரிஞ்சும் ஏன் நட்டீங்க?"

"மழை வந்துச்சு. நட்டோம்."

[இது என் கைக்கு வருகிற வரி இல்லை. எங்கிருந்து வந்ததென்று சத்தியமாகத் தெரியாது. எழுதிவிட்டுப் பார்த்தால் உடம்பெல்லாம் சிலிர்த்திருக்கிறது.]

4

"இந்த வருஷமும் எடுத்துப்பீங்கதானே?" என்று இர்மா கேட்டுவிட்டாள்.

அ) ஷஹீமா சரி என்கிறாள், ஒப்பந்தம் முறிகிறது, எல்லோருக்கும் சுபம். [சினிமா.]

ஆ) முடியாது என்கிறாள். காய்கள் பழுத்து வெடித்து...

இ) சரி என்கிறாள், மறுவாரமே ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, உஸைருக்கும் வேலை போய்...

மூன்றையும் அடித்துவிட்டேன். இர்மாவுக்கு முன்னால் முடிவைத் தீர்மானிக்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டுவிட்டு அவள் பதிலுக்கு நிற்கக்கூட இல்லை, அடுத்த செடிக்குக் குனிந்துவிட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உஸைர் வாசலிலேயே நின்றுவிட்டான். ஷஹீமா வாயைத் திறந்துவிட்டாள்.

நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைத்தான் அவள் சொல்வாள், நான் திருத்த மாட்டேன்.