இளையவரிடமிருந்து

அம்மா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் விடிவதற்குள் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அம்மா இந்தப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் நடத்துகிறாள். சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு அடுத்த மாதம் வர வேண்டும். வராவிட்டால் வேலையும் இல்லை, இந்தக் குடியிருப்பு வீடும் இல்லை. அப்பா இல்லாத எங்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் துணைவேந்தர். அவர் கொண்டுவந்த தீர்மானத்தைத்தான் இன்றைக்கு ஆசிரியர் மன்றத்தில் அம்மா எதிர்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

எந்தப் பாடத்தை வைப்பது, எதை மூடுவது என்பதை இனி ஆசிரியர்களைக் கேட்காமல் துணைவேந்தரே முடிவு செய்யலாம் என்பது தீர்மானம். மன்றத்துக்கு இளைய ஆசிரியர்கள் சார்பில் அம்மாவையும் வேதியியல் துறையில் ஒருவரையும் அனுப்பியிருந்தார்கள். வேறு யாரும் போட்டிக்கு நிற்கவில்லை என்பதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

நேற்றுச் சாயங்காலம் எதிர் வீட்டுத் தாடி மாமா வந்தார். வரலாற்றுத் துறை, மன்றத்தில் ரொம்ப மூத்தவர்களில் ஒருவர்.

“தொண்டை கட்டிக்கிச்சுன்னு நாளைக்கு ஒரு நாள் லீவு போடுங்கம்மா.”

“எனக்குத் தொண்டை கட்டினா இந்த வீடே நிம்மதியா இருக்கும் சார். கட்ட மாட்டேங்குதே.”

மாமா பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டார். “விளையாட்டு இல்லம்மா. பழைய வழக்கப்படி துணைவேந்தர் இளையவங்ககிட்டயிருந்து ஒவ்வொருத்தரா கேக்கப் போறாராம். முதல்ல உங்களத்தான்.”

பெரியவர்கள் முகத்தைப் பார்த்துச் சின்னவர்கள் வாக்கை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று எந்தக் காலத்திலோ வைத்த வழக்கமாம் அது. பல வருடமாக யாரும் அதைப் பின்பற்றவில்லை. கையைத் தூக்குவதோடு சரி. இப்போது அதைத் தூசி தட்டி எடுத்தவர் வேறு கணக்குப் போட்டிருந்தார். வேலை உறுதியாகாதவள் பயந்து ‘ஆதரவு’ என்பாள், அப்புறம் மற்றவர்களும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள்.

மாமா போனதும் நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். “லீவு போட்டுரும்மா. ப்ளீஸ்மா.”

“போட்டா எனக்கு அடுத்து இருக்கிற அந்த வேதியியல் தம்பியத்தான் முதல்ல கேப்பாங்க. போன வாரம்தான் அவனுக்குக் குழந்தை பொறந்திருக்கு. அவன் தலையில கட்டவா?”

நான் முகம் கழுவப் போய்விட்டேன்.

இன்றைக்குப் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மன்றக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். உள்ளே ஏசி வேலை செய்யவில்லை போல, கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். “மூச்சு விடக்கூடாது பாப்பா” என்றார் வாசலில் நின்ற பியூன்.

“மேடம், உங்ககிட்டயிருந்து ஆரம்பிக்கலாமா? ஆதரவுதானே?” துணைவேந்தர் குரல். குழந்தைக்கு மிட்டாய் நீட்டுவதுபோல.

“இல்லீங்க சார். எதிர்க்கிறேன்.”

அத்தோடு உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“காரணமும் சொல்லிடறேன் சார். ஒரு பாடத்துல மூணு பேருதான் இருக்காங்கங்கறது உங்க மேஜைக்கு வந்துடும். அந்த மூணு பேரு ஏன் வந்தாங்கங்கறது வகுப்புல நிக்கறவங்களுக்குத்தான் தெரியும். மூட வேணாம்னு நான் சொல்லல. எங்களக் கேட்டுட்டு மூடுங்க.”

உள்ளே யாரோ கனைத்தார்கள்.

“நானும் எதிர்க்கிறேன் சார்.” வேதியியல் தம்பி! அம்மா யாரைக் காப்பாற்ற வந்தாளோ அவரே. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. அதற்கடுத்தவர் ஆதரவு. அப்புறம் எதிர்ப்பு. மறுபடி எதிர்ப்பு. மறுபடி ஆதரவு. இரண்டு பக்கமும் சமமாகவே ஏறிக்கொண்டு போய், தாடி மாமாவின் முறை வந்தபோது துணைவேந்தர் குறுக்கிட்டார்.

“நேரமாயிடுச்சு. மிச்சப் பேர நாளைக்குக் காலையில கேட்டுக்கலாம். ராத்திரி நல்லா யோசிங்க.”

வெளியே வந்த அம்மா என்னைப் பார்த்ததும், “இங்க என்னடி பண்றே? சாப்டியா?” என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டா அவ்வளவு பேசினாள்?

“கொஞ்சம் இருடி. போலாம்.”

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. கையெழுத்து வருமா, வராதா, தெரியாது. ஆனால் இன்றைக்கு அவளோடு நடந்து வந்தபோது, எதிரில் வந்த எல்லோரும் ‘நீ யாரு’ என்று என்னைக் கேட்க வேண்டும் போலிருந்தது. ‘இவங்க பொண்ணு’ என்று சொல்வதற்காக.

ஜன்னல் வழியே பார்க்கிறேன். எதிர் வரிசையில் பாதி வீடுகளில் விளக்கு அணையவில்லை. நாளைக்கு முதலில் சொல்ல வேண்டிய தாடி மாமா பனியன் வேட்டியோடு பால்கனியில் நடந்துகொண்டிருக்கிறார். ஒரு முனைக்குப் போய் நிற்கிறார், தலையை நிமிர்த்துகிறார். வாய் அசைகிறது. தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி நடக்கிறார், மறுமுனையில் நின்று மறுபடியும் சொல்லிப் பார்க்கிறார். என்ன சொல்கிறார் என்று இங்கே கேட்கவில்லை.